கொல்லிமலைக்கு ஏன் ஒரு வரிசைகூட வரலை? டேட்டா டைப், குவெரி பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

(ஒலி எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

டேட்டாபேஸ் பத்திப் பேச ஆரம்பிச்சதுல இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள் சில இருக்கு. போன் நம்பரை எப்படி வைக்கணும், தமிழ்ப் பெயருக்கு எவ்வளவு இடம் வேணும், நல்-னா என்ன, ஜாயின் போட்டா ஏன் ஆளுங்க காணாமப் போறாங்க. இதை எல்லாம் இன்னைக்கு ஒரே இடத்தை வெச்சுப் பார்க்கலாம். அந்த இடம் கொல்லிமலை.

நாமக்கல் மாவட்டம். உங்கள்ல பல பேர் பைக் எடுத்துக்கிட்டு 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஆகாய கங்கையில குளிச்சுட்டு வந்திருப்பீங்க. அந்த ஒன்றியத்துல 14 ஊராட்சிகள் இருக்கு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடுன்னு எல்லாப் பேரும் 'நாடு'லதான் முடியும். அங்க வாழ்றவங்கள்ல பெரும்பாலானவங்க மலையாளி பழங்குடி மக்கள். கேரளா இல்லை. மலையை ஆள்பவர்கள்ங்கிற பொருள்ல இவங்க மலையாளி. இந்தப் பேர்க் குழப்பம் கடைசியில நமக்குத் தேவைப்படும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒரு சின்னக் குறிப்பு. டேபிள்ல 'ரோ'வை நான் வரிசைன்னு சொல்றேன். 'காலம்'னு சொன்னா நேரத்தோட குழம்பும், அதனால அதை ஃபீல்டுன்னு சொல்றேன்.

போன் நம்பர் எண்ணா, எழுத்தா?

எழுத்து. இதுக்கு நான் வெச்சிருக்கிற சோதனை ரொம்ப எளிது. இதைக் கூட்டுவீங்களா? சராசரி எடுப்பீங்களா? ரெண்டு பேரோட போன் நம்பரைக் கூட்டி யாருக்கும் எதுவும் ஆகப்போறதில்லை. அப்போ அது எண் மாதிரி இருக்கிற ஒரு பேர்.

நாமக்கல்லோட எஸ்டிடி கோடு 04286. இதை இன்டிஜர் ஃபீல்டுல போட்டீங்கன்னா முன்னாடி இருக்கிற பூஜ்யம் போயிடும், 4286-தான் மிஞ்சும். செல்போன் நம்பர்ல வேற சிக்கல். சாதாரண 32 பிட் இன்டிஜர்ல வைக்கக்கூடிய பெரிய எண் 2,14,74,83,647. அதாவது 214 கோடிச் சொச்சம். நம்ம ஊர் செல் நம்பர் 6, 7, 8, 9-ல தொடங்கற பத்து இலக்கம். எண்ணாப் பார்த்தா சின்னதே 600 கோடி. அந்த ஃபீல்டுல ஒரு நம்பர்கூட நுழையாது.

நிலத்தோட சர்வே நம்பரும் இப்படித்தான். இன்னைக்கு 45-னு இருக்கிறது, அண்ணன் தம்பி பாகம் பிரிச்சதும் 45/2-ன்னு ஆகும், அப்புறம் அதுக்குப் பின்னால ஒரு எழுத்தும் ஒட்டிக்கும். முதல் நாள் எண்ணா இருக்குன்னு இன்டிஜர் வெச்சா, முதல் பாகப்பிரிவினையிலயே டேபிள் மாட்டிக்கும்.

தமிழ்ப் பெயருக்கு எத்தனை எழுத்து ஒதுக்கணும்?

'கொல்லிமலை'ங்கிற சொல்லையே எடுத்துக்குவோம். நம்ம கணக்குல கொ, ல், லி, ம, லை. அஞ்சு எழுத்து. யூனிகோடு கணக்குல ககரம் தனி, ஒகரக் குறி தனி, லகரம் தனி, புள்ளி தனி. இப்படி எண்ணினா ஒன்பது. யூடிஎஃப்-8 முறையில சேமிக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், ஆக 27. ஒரே சொல்லுக்கு 5, 9, 27-ன்னு மூணு நீளம்.

மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரஸும் வார்சார் 20-ன்னு சொன்னா 20 யூனிகோடு எழுத்துன்னு எடுத்துக்கும், கொல்லிமலை நிம்மதியா உட்காரும். ஆரக்கிள்ல எதுவும் சொல்லாம விட்டா 20 பைட்டுன்னு எடுத்துக்கும். அங்க 27 பைட் நுழையாது. ஆங்கிலத்துல சோதனை பண்ணி 'எல்லாம் சரி'ன்னு டிக் போட்ட ஒரு படிவம், தமிழ்ப் பேரு வந்ததும் எரர் அடிக்கிறதுக்கு இது ஒரு பொதுவான காரணம்.

இன்னொண்ணு இதைவிட நுணுக்கமானது. 'கொ'வை ரெண்டு விதமா டைப் பண்ணலாம். ஒகரக் குறியை ஒரே குறியா போடலாம். இல்லைன்னா முன்னாடி வர்ற ஒற்றைக் கொம்பு தனியா, பின்னாடி வர்ற கால் தனியான்னு ரெண்டு குறியாவும் போடலாம். திரையில ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பைட்டுகளை ஒப்பிடற டேட்டாபேஸுக்கு ரெண்டும் வேற வேற சொல். ஒண்ணு 27 பைட், இன்னொண்ணு 30. அப்போ 'ஊர் சமம் கொல்லிமலை'ன்னு நீங்க கேட்டா பாதிப் பேர் வருவாங்க, மீதிப் பேர் வரமாட்டாங்க. கண்ணால எத்தனை தடவை பார்த்தாலும் காரணம் பிடிபடாது.

இதுக்கு மருந்து நார்மலைசேஷன். சேமிக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு மாத்திடணும். போஸ்ட்கிரஸ்ல 13-ஆம் பதிப்புல இருந்து நார்மலைஸ்னு ஒரு ஃபங்ஷனே இருக்கு. ஆனா 'கொல்லி மலை'ன்னு நடுவுல இடம் விட்டு எழுதறவங்களை அது காப்பாத்தாது. அதுக்கு வேற வழி இருக்கு, ஜாயின் வரும்போது சொல்றேன்.

ஃப்ளோட்டா, டெசிமலா?

பணம், எடை, நிலம். இந்த மூணுக்கும் டெசிமல். 0.1-ஐயும் 0.2-ஐயும் டபுள் வகையில வெச்சுக் கூட்டினா 0.30000000000000004-ன்னு வரும். கம்ப்யூட்டர் இரண்டின் அடுக்கு எண்கள்ல பின்னத்தை எழுதுது. அரை, கால், அரைக்கால் எல்லாம் அதுல கச்சிதமா அடங்கும். பத்துல ஒண்ணு அடங்காது.

நம்ம பழைய பின்ன வாய்ப்பாட்டை வெச்சுப் பார்த்தா இது பளிச்சுனு புரியும். அரைக்கால் எட்டுல ஒண்ணு. மாகாணி பதினாறுல ஒண்ணு. ரெண்டும் ஃப்ளோட்ல துல்லியமா நிக்கும். ஒரு மா இருபதுல ஒண்ணு. முந்திரி 320-ல ஒண்ணு. ரெண்டுலயும் கீழே ஒரு அஞ்சு ஒளிஞ்சிருக்கு, அதனால ஃப்ளோட்ல தோராயமாதான் நிக்கும். டெசிமல்ல மா 0.05, முந்திரி 0.003125. ஆறு தசம இடம் கொடுத்தா ரெண்டும் சுத்தமா அடங்கிடும். டெசிமலும் மந்திரம் கிடையாது, மூணுல ஒண்ணை அதாலயும் முழுசா எழுத முடியாது. ஆனா ஏக்கர், சென்ட், கிலோ, ரூபாய்னு நம்ம புழங்கறது எல்லாம் பத்தின் கணக்குல இருக்கறதால அது போதும்.

மிளகு ஒரு மூட்டைன்னா இந்த வித்தியாசம் தெரியாது. ஆயிரக்கணக்கான எடைச் சீட்டைக் கூட்டி, மொத்தத்தோட சமமான்னு சரிபார்க்கிற இடத்துல தெரியும். சமம்னு வர வேண்டியது சமமில்லைன்னு வரும். அப்புறம் ராத்திரி பூரா யார் கணக்குல தப்புன்னு தேடணும்.

நல்-லும் பூஜ்யமும் ஒண்ணா?

இல்லவே இல்லை. கொல்லிமலையில சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகுன்னு சிறுதானியங்கள் காலங்காலமா விளைஞ்சுட்டு இருந்தது. மரவள்ளி வந்ததும் அந்தப் பரப்பு ரொம்பக் குறைஞ்சது. சென்னையில இருக்கிற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து அங்க இந்தத் தானியங்களைப் பாதுகாக்க வேலை செஞ்சுட்டு வருது. அந்த மாதிரி ஒரு இடத்துல நீங்க விளைச்சல் கணக்கெடுக்கப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். இது என் கற்பனைக் கணக்கு.

நாலு வீடு. முதல் வீட்டுல சாமை 300 கிலோ. ரெண்டாவது வீட்டுல விதைச்சாங்க, மழை பொய்ச்சு ஒண்ணும் வரலை, அது பூஜ்யம். மூணாவது, நாலாவது வீடு பூட்டிக் கிடந்தது, கேட்க முடியலை. அது நல். 'தெரியாது'ன்னு அர்த்தம்.

ஏவிஜி போட்டா டேட்டாபேஸ் நல்-லைக் கணக்குல சேர்க்காது. 300-ஐ ரெண்டால வகுத்து 150-ன்னு சொல்லும். பூட்டியிருந்த வீட்டுக்கும் யாரோ பூஜ்யம்னு நிரப்பிட்டா 75 ஆகிடும். மழை பொய்ச்ச வீட்டை காலியா விட்டுட்டா 300 ஆகிடும். அதே நாலு வீடு, அதே குவெரி, மூணு பதில். இந்த சராசரியை வெச்சு 'இங்க சாமை லாபமில்லை'ன்னோ 'இழப்பீடு தேவையில்லை'ன்னோ ஒருத்தர் முடிவெடுத்தா, அந்த முடிவு நிலத்துல எடுத்தது இல்லை. படிவத்துல காலிக் கட்டத்தை என்ன பண்றதுன்னு யாரோ போற போக்குல தீர்மானிச்சப்போ எடுத்தது.

கூடவே ஒண்ணு. 'விளைச்சல் சமம் நல்'னு கேட்டா ஒரு வரிசையும் வராது. தெரியாததும் தெரியாததும் சமமான்னு கேட்டா, அதுவும் தெரியாதுன்னுதான் டேட்டாபேஸ் சொல்லும். 'இஸ் நல்'னு கேட்கணும்.

ஜாயின் போட்டா ஏன் ஆளுங்க காணாமப் போறாங்க?

இதுதான் இன்னைக்கு முக்கியமான கேள்வி. இதுவரைக்கும் சொன்னது எல்லாம் இங்க வந்து சேரும்.

எஸ்.டி. பட்டியல்ல யார் இருக்காங்கங்கறது அரசியலமைப்பு வழியா வந்த ஒரு ஆணை. 1950-ல் வந்தது, 1976-ல் நாடாளுமன்றம் திருத்தினது. தமிழ்நாட்டுப் பகுதியில 25-ஆவது பேர் மலையாளி. பேரோட சேர்த்து மாவட்டங்களும் இருக்கு: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. இந்த ஆறு மாவட்டத்துல இருக்கிற மலையாளிகள் பழங்குடியினர்.

இதை அப்படியே ஒரு டேபிளா மாத்துங்க. ரெண்டே ஃபீல்டு, சமூகம், மாவட்டம். ஆறு வரிசை. இன்னொரு பக்கம் விண்ணப்பதாரர் டேபிள். அதுலயும் சமூகம், மாவட்டம். ரெண்டையும் இன்னர் ஜாயின் போட்டு, தகுதி உள்ளவங்களை எடுங்க.

கொல்லிமலையில இருந்து ஒருத்தர்கூட வரமாட்டாங்க. ஏன்னா அந்த ஆறுல நாமக்கல் இல்லை. 1997 ஜனவரி 1-ல் தான் சேலத்துல இருந்து நாமக்கல் தனி மாவட்டமா பிரிஞ்சது. பட்டியல் எழுதினப்போ கொல்லிமலை சேலம் மாவட்டம். அவங்க அன்னைக்கும் பழங்குடி, இன்னைக்கும் பழங்குடி. கொல்லிமலை இருக்கிற சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாட்டுல அப்படி ரெண்டுதான் இருக்கு, இன்னொண்ணு ஏற்காடு. சான்றிதழ் கொடுக்கிற கோட்டாட்சியர் அலுவலகத்துல இருக்கிற மனுஷருக்கு இது தெரியும். உங்க குவெரிக்குத் தெரியாது. நீங்க சொல்லிக் கொடுக்கலை.

எந்த அரசு மென்பொருளும் இப்படித்தான் இருக்குன்னு நான் சொல்லலை. ஒரு ஸ்காலர்ஷிப் ஆப், ஒரு காலேஜ் அட்மிஷன் ஃபார்ம், ஒரு என்ஜிஓவோட எக்ஸெல் ஷீட்னு நீங்களும் நானும் கட்டற எதுலயும் இது நடக்கலாம். எரர் வராது. சிவப்பு எழுத்து வராது. அமைதியா ஒரு பட்டியல் வரும், அதுல ஒரு மலை முழுக்க இருக்காது.

முதல் கட்ட மருந்து லெஃப்ட் ஜாயின். இன்னர் ஜாயின் ஜோடி கிடைக்காதவங்களை விட்டுடும். லெஃப்ட் ஜாயின் விண்ணப்பதாரர் எல்லாரையும் வெச்சுக்கிட்டு, ஜோடி இல்லாத இடத்துல நல் போடும். அந்த நல் வந்தவங்களை மட்டும் தனியா எடுத்து மாவட்டவாரியா எண்ணிப் பாருங்க. நாமக்கல்லுக்கு நேரா ஒரு பெரிய எண் நிக்கும். அப்பவே உங்களுக்கு உறைக்கும். ஜாயின் போடறதுக்கு முன்னாடி எத்தனை பேர், பின்னாடி எத்தனை பேர்னு எண்ணிப் பார்க்கறது நான் விடாம செய்ற பழக்கம்.

பேரை வெச்சு சேர்க்காம வேற எதை வெச்சு சேர்க்கறது?

அடையாள எண். 'மலையாளி'ங்கிற சொல்லுக்கு ரெண்டு பொருள்னு முதல்லயே சொன்னேன். எழுத்தை மட்டும் வெச்சு ஜாயின் போட்டா, வீட்டுல மலையாளம் பேசற ஒருத்தர் தன்னை மலையாளின்னு நிரப்பிட்டு சேலத்துல குடியிருந்தா, அவரும் பழங்குடிப் பட்டியல்ல வந்து நிப்பார். வர வேண்டியவங்க வரலை, வரக் கூடாதவர் வந்துட்டார்.

அதனால சமூகங்களுக்கு ஒரு டேபிள், ஊர்களுக்கு ஒரு டேபிள். ஒவ்வொண்ணுக்கும் மாறாத ஒரு எண். மத்த டேபிள்கள்ல அந்த எண்ணை ஃபாரின் கீயா வைங்க. 'கொல்லிமலை', 'கொல்லி மலை', ரெண்டு விதமா டைப் பண்ணின 'கொ' எல்லாம் ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்துடும். படிவத்துல டைப் பண்ண விடாம தேர்ந்தெடுக்க வைங்க.

மாவட்டம் பிரிஞ்சா என்ன பண்றது?

பழைய பேரை அழிச்சுட்டுப் புதுப் பேரை எழுதறதுதான் பலரோட முதல் யோசனை. அப்படிச் செஞ்சா 1994-ல் பிறந்த அக்காவோட சான்றிதழ்ல இருக்கிற சேலமும், 1998-ல் பிறந்த தம்பியோட சான்றிதழ்ல இருக்கிற நாமக்கல்லும் முட்டிக்கும். ரெண்டும் ஒரே வீடு. ரெண்டுமே உண்மை.

அதுக்கு மூணாவதா ஒரு டேபிள் வேணும். பழைய மாவட்டம், புது மாவட்டம், பிரிஞ்ச தேதி. தேதியை டேட் வகையிலயே வைங்க. எழுத்தா வெச்சா '06/07/1997' ஜூலையா ஜூன் மாசமான்னு யாருக்கும் தெரியாது, வரிசைப்படுத்தினாலும் தாறுமாறா வரும்.

ஒரு படி பின்னாடி போனா நாமக்கல் சேலத்துக்குப் போய் சேர்ந்துடும். கல்வராயன் மலையோட கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு ஒரு படி போதாது. கள்ளக்குறிச்சி 2019-ல் விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சது, விழுப்புரம் 1993-ல் தென் ஆற்காட்டுல இருந்து பிரிஞ்சது. ரெண்டு படி. நாளைக்கு இன்னொரு பிரிவினை வந்தா மூணு படி. எத்தனை படின்னு முன்கூட்டியே தெரியாத இடத்துக்குத்தான் வித் ரிக்கர்சிவ்னு ஒரு வசதி இருக்கு. 'இந்த மாவட்டத்தோட தாயைக் கண்டுபிடி, அதோட தாயைக் கண்டுபிடி, தாய் இல்லாத இடத்துல நில்லு'ன்னு சொல்ற குவெரி. போஸ்ட்கிரஸ், எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல் 8 எல்லாத்துலயும் இருக்கு.

இதுவும் முழுத் தீர்வு இல்லை. திருப்பூர் 2009-ல் பிரிஞ்சப்போ கொஞ்சம் கோயம்புத்தூர்ல இருந்தும் கொஞ்சம் ஈரோட்டுல இருந்தும் வந்தது. ரெண்டு தாய். அப்போ மாவட்ட அளவுல பதில் கிடையாது, எந்த கிராமம் எங்க இருந்து வந்ததுன்னு கிராம அளவுல வெச்சாதான் சரியா வரும்.

அப்போ ஒரு வரிசையும் வரலைன்னா டேபிள் தப்புன்னு அர்த்தமா?

எப்பவும் இல்லை. ஈரோடு மாவட்டத்துல பர்கூர், கடம்பூர் மலைகள்லயும் மலையாளி மக்கள் இருக்காங்க. அவங்களுக்குக் குவெரி போட்டாலும் ஒண்ணும் வராது. பிரிவினை டேபிளைச் சேர்த்துக்கிட்டுப் பின்னாடி போனா, ஈரோடு 1979-ல் கோயம்புத்தூர்ல இருந்து பிரிஞ்சது. கோயம்புத்தூர் அந்த ஆறுல இல்லை. மறுபடியும் ஒண்ணும் வராது. இங்க குவெரி சரி. சட்டத்துல இருக்கறதை அப்படியே சொல்லுது. எங்களையும் பட்டியல்ல சேருங்கன்னு அந்த மக்கள் நீண்ட காலமா கேட்டுட்டு இருக்காங்க. அது நாடாளுமன்றத்துல தீர வேண்டிய விஷயம், எந்த ஜாயினாலும் தீர்க்க முடியாது.

கொல்லிமலைக்கு வந்த வெறுமையும் பர்கூருக்கு வந்த வெறுமையும் திரையில ஒரே மாதிரிதான் இருக்கும். முதல்ல வந்தது டேபிள் கட்டினவரோட குறை, அரைமணி நேரத்துல சரி பண்ணலாம். ரெண்டாவது, சட்டம் எழுதின விதம். எது எதுன்னு டேட்டாபேஸ் சொல்லாது. அந்த ஊர், அந்த மக்கள், அந்தப் பட்டியலோட வரலாறு தெரிஞ்ச ஒருத்தர்தான் சொல்ல முடியும். 1970-ல் ஐபிஎம்ல வேலை பார்த்த கோட், ரிலேஷனல் மாடலை முன்வெச்சப்போ கொடுத்தது ஒரு அருமையான கணித ஒழுங்கு. எதை எதோட சேர்க்கணும்ங்கற அறிவை நாமதான் கொண்டு வரணும்.

அதனால அடுத்த முறை உங்க குவெரி ஒண்ணுமே தராம நின்னா, 'டேட்டா இல்லை'ன்னு ரிப்போர்ட்ல எழுதறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. ரெண்டு பக்கமும் ஃபீல்டு வகை ஒண்ணா? எழுத்து வடிவம் ஒண்ணா? ரெண்டு டேபிளும் ஒரே காலத்தைப் பத்திப் பேசுதா? மூணும் சரின்னா, அந்த ஊர்க்காரர் ஒருத்தருக்கு ஒரு போன் போடுங்க. அந்த நம்பரை எழுத்தாதானே சேமிச்சு வெச்சிருக்கீங்க?

அடுத்த எபிசோட்ல இன்டெக்ஸ் பத்திப் பேசலாம். ஒரே குவெரி ஒரு இடத்துல நொடியில முடியுது, இன்னொரு இடத்துல டீ குடிச்சுட்டு வந்தாலும் முடியலை, அது ஏன்னு பார்ப்போம்.